வெள்ளிக்கிழமை ஒன்று முப்பது

அத்தியாயம் 5

தைலம்மாள் தன் போனை ராதிகாவிடம் கொடுத்துவிட்டுப் பாறையில் இன்னும் ஓரடி மேலே ஏறி நின்றாள்.

"இந்த எடத்துலதாம்மா டவர் எடுக்கும். தெனம் ரெண்டு மணிக்கு வந்து நிப்பேன். முந்தின நாள் எடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் வரும். யாருக்குச் சரியில்லையோ அவங்க பேரு மட்டும். மெசேஜ் வரலன்னா எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்."

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள பதினோரு ஊர்களுக்கு அவள்தான் நர்சம்மா. முகாம் போட்டுக் கர்ப்பிணிகளின் ரத்தத்தை எடுத்துக் கீழே கள்ளக்குறிச்சிக்கு அனுப்புவது அவள் வேலை. பரிசோதித்து முடிவை அவள் போனுக்கு அனுப்புவது சாதுல்லா பாயின் லேப் செய்யும் வேலை. இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரமாக ஏதோ ஒன்று நடந்திருந்தது.

ராதிகா மெசேஜ்களை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். மற்ற நாட்களில் லேப்பிலிருந்து வந்திருந்தது. கடைசி மூன்று வெள்ளிக்கிழமைகளில் இல்லை.

"ஆனா அதே வெள்ளிக்கிழமை ஜவுளிக்கடைத் தள்ளுபடி வந்திருக்கு. ரீசார்ஜ் பண்ணச் சொல்லி வந்திருக்கு" என்றாள்.

"அப்ப டவர் மேல பழி போட முடியாது" என்றான் ஜுனைத். ராதிகாவின் உதவியாளன், ஓட்டுநர், வாய். "பாவம், இந்த மலையில எல்லாரும் அது ஒண்ணு மேலதான் பழி போட்டுக்கினு இருந்தாங்க. இனிமே வேற ஆள் தேடணும்."

தைலம்மாள் சிரிக்கவில்லை.

"மொத வாரம் மெசேஜ் வரல. நல்லா இருக்காங்கன்னு நெனச்சேன். திங்கக்கிழமை ஜீப்புல பேப்பர் வந்தா அதுல ஒரு பேரு. லேப்ல இருக்கற சப்ரின் பொண்ணுக்குப் போன் பண்ணேன். சரி பண்ணிட்டேன் நர்சம்மான்னு டெஸ்ட் மெசேஜ் அனுப்பிச்சு. வந்துச்சு. ரெண்டாவது வாரமும் அதே கதை. மறுபடி சரி பண்ணிச்சு, மறுபடி டெஸ்ட் அனுப்பிச்சு, அதுவும் வந்துச்சு. மூணாவது வாரம் மெசேஜ் வரல. இப்பதான் சரி பண்ணிட்டாங்களே, அப்ப எல்லாரும் நல்லாதான் இருக்காங்கன்னு நெனச்சிட்டேன். திங்கக்கிழமை மழை. ஜீப் ஏறல."

"செவ்வாய்க்கிழமை?"

"பூமாலை விழுந்துட்டா. ஏழாவது மாசம். ரத்தம் நாலு புள்ளி எட்டு. கீழ கொண்டுபோய்ச் சேக்கறதுக்குள்ள கொழந்தை போயிடுச்சு. அவ இருக்கா. இன்னும் கண்ணு தெறக்கல."

அழ வேண்டிய இடங்களில் ராதிகாவுக்குப் பசி எடுக்கும். இரண்டு வருடமாக அப்படித்தான். சென்னையில் ஒரு கம்பெனியின் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபோது உள்ளே ஏதோ மரத்துப்போனது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து துப்பறியும் நிறுவனப் பலகை மாட்டிய பிறகும் அது திரும்பவில்லை. இப்போதும் பசித்தது. தைலம்மாளிடம் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

கச்சிராயபாளையத்தில் வண்டியை நிறுத்தி ஜுனைத் இரண்டு போண்டா வாங்கி வந்தான்.

"மேடம், நம்மள வேலைக்கு வச்சது யாரு? சாதுல்லா பாய். எதுக்கு? அந்தப் பொண்ணு சப்ரின்தான் மெசேஜை நிறுத்திச்சுன்னு எழுதிக் குடுக்க. சாயந்திரம் ஆறு மணிக்கு ஸ்டேஷன்ல புகார் குடுக்கப் போறாரு. இன்னிக்கி வியாழக்கிழமை. ஆறு மணிக்கு மேல அது வூட்டு வாசல்ல போலீஸ் நிக்கும். இருபத்தி நாலு வயசு மேடம்."

"தெரியும்."

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

"டெஸ்ட் பண்ணா வருது. நெஜமா அனுப்பினா வரல" என்றாள் ராதிகா. "அதத்தான் நெனச்சிக்கினு இருக்கேன்."

லேப்பில் சப்ரின் ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். கையை நீட்டி வைக்கும் பலகையில் அவள் கை தானாகவே நீண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. அழுது முடித்த முகமும் இல்லை, அழப்போகும் முகமும் இல்லை. ராதிகாவுக்கு அந்த முகம் பழக்கமானதாக இருந்தது.

சாதுல்லா பாய் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டே பேசினார்.

"இதோ பாருங்கம்மா, பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். மெஷின்ல இந்தப் பொண்ணு கை வச்ச ஃபைலுங்க. மூணு ஃபைலு. யாரு மாத்தச் சொன்னது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இதோட அண்ணன் சுபைரு சின்னசேலத்துல வேற லேப்புல இருக்கான். மலை முகாம் எங்க கையைவுட்டுப் போனா அவங்களுக்குத்தானே லாபம்?"

"பயந்துட்டேன் பாய்" என்றாள் சப்ரின். "நானே சரி பண்ணிடலாம்னு பாத்தேன்."

"நல்லா சரி பண்ண!"

ராதிகா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். ஃபைல்கள் பெயர் வரிசையில் இருந்தன. தேதி வரிசையில் மனதுக்குள் மாற்றி அடுக்கிப் பார்த்தாள். முதல் மாற்றம் முதல் வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை மாலை.

"பாய், மெசேஜ் நின்ன பிறகுதான் இவங்க கை வச்சிருக்காங்க. முன்னாடி இல்ல."

"முன்னாடி வச்சத அழிச்சிருக்கும்."

அதுவும் முடியாதது இல்லை. ராதிகா கணினி முன்னால் உட்கார்ந்தாள். லினக்ஸ் மெஷின். கறுப்பு டெர்மினல் ஜன்னலைத் திறந்து, அனுப்பிய மெசேஜ்களின் பதிவை எடுத்தாள். யாருக்கு அனுப்பியது என்று அதில் இல்லை. நேரமும், யாருடைய கணக்கிலிருந்து என்பதும், 'அனுப்பப்பட்டது' என்ற சொல்லும் மட்டும். எல்லா வரியிலும் சப்ரினின் கணக்கு.

"ஜுனைத், இந்த நேரத்தையெல்லாம் படிங்க."

"ஒண்ணு முப்பத்தெட்டு, நாப்பத்திரெண்டு செகண்ட். ஒண்ணு அம்பத்தொண்ணு, ஏழு செகண்ட். ஒண்ணு நாப்பத்தி நாலு, முப்பது செகண்ட். இது இன்னாது, வெள்ளிக்கிழமை… ஒண்ணு முப்பது, ஒரு செகண்ட். அடுத்த வெள்ளி, ஒண்ணு முப்பது, ஒரு செகண்ட். அதுக்கு அடுத்ததும் ஒண்ணு முப்பது, ஒரு செகண்ட்." ஜுனைத் நிமிர்ந்தான். "மேடம், இவ்ளோ டைமுக்கு வேலை செய்யறவங்க இந்த ஜில்லாவுலயே கெடையாது."

"ஆள் இல்ல. டைமர்" என்றாள் ராதிகா. "பாய், வெள்ளிக்கிழமை மட்டும் டைமர் யாரு வச்சது?"

சாதுல்லா பாய் கொஞ்சம் நிமிர்ந்தார். அதில் அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை.

"நான்தான் வைக்கச் சொன்னேன். ஜும்மா நேரத்துல நாங்க எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிடுவோம். நர்சம்மா ரெண்டு மணிக்கு டவர்ல நிப்பாங்கன்னு இந்தப் பொண்ணு மட்டும் பூட்டின லேப்புல தனியா உக்காந்துகினு இருக்கும். எனக்கு மனசு கேக்கல. மூணு வாரத்துக்கு முன்னாடி சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு மேல லேப்ல யாரும் இருக்கக் கூடாது, வூட்டுக்குப் போ, தொழு, சாப்புடு, நாலு மணிக்கு வான்னு. உளுந்தூர்பேட்டைல ஒரு பையன், இளஞ்செழியன், அவன்தான் இந்த மெஷின் வச்சுக் குடுத்தவன். அவன்கிட்ட சொல்லி, அதுவே அனுப்பற மாதிரி செஞ்சேன்."

ராதிகா அந்த இளஞ்செழியனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டைமர் நல்லா ஓடும் மேடம். டெஸ்ட் பண்ணிட்டுத்தான் குடுத்தேன்."

"எப்படி டெஸ்ட் பண்ணீங்க?"

"டெர்மினல்ல அந்த மெசேஜ் அனுப்பற ஸ்கிரிப்டைத் தட்டிப் பாத்தேன். மெசேஜ் போச்சு."

"டைமர் அடிக்கற வரைக்கும் காத்திருந்து பாத்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

ராதிகா நன்றி சொல்லி வைத்துவிட்டாள். கடிகாரத்தில் நாலு முப்பத்தாறு.

"சப்ரின், நர்சம்மா நம்பரை எங்க வச்சிருக்கீங்க?"

சப்ரின் எழுந்து வந்தாள். விரல்கள் மட்டும் பழைய வேகத்தில் ஓடின. ஒரு பெயரைத் தட்டி என்டரை அழுத்தியதும் தைலம்மாளின் நம்பர் திரையில் வந்தது.

"இதுல தப்பே இல்ல மேடம். எத்தனை தடவை கேட்டாலும் சரியாச் சொல்லுது."

"கேக்கறது நீங்க. அதனால சொல்லுது" என்றாள் ராதிகா.

சாதுல்லா பாயின் பக்கம் திரும்பி மெதுவாக விளக்கினாள். இந்த ஜன்னலைத் திறக்கும்போது மெஷின் சில ஃபைல்களைப் படித்து, பெயர் வைத்த குறிப்புகளைக் கையில் எடுத்துக்கொள்ளும். என்விரான்மென்ட் வேரியபிள் என்று பெயர். ஜன்னலில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் அந்தக் குறிப்புகளில் ஒரு நகல் கிடைக்கும். நர்சம்மாவின் நம்பர் அப்படி ஒரு குறிப்பு. ஆனால் டைமர் இந்த ஜன்னல் வழியாக வருவதில்லை.

"அது பின்வாசல் வழியா வரும். கையில இன்னா வச்சிருக்குன்னு பாக்கலாம்."

நாலு நாற்பத்தொன்றுக்கு ஒரு டைமர் வைத்தாள். உன்னிடம் உள்ள குறிப்புகளையெல்லாம் ஒரு ஃபைலில் எழுது என்ற ஒரே கட்டளை. நாலு பேரும் திரையைப் பார்த்தார்கள். நிமிடம் மாறியது.

சப்ரினின் ஜன்னலில் இருந்த குறிப்புகள் முப்பத்தேழு. டைமர் எழுதியவை ஆறு. அந்த ஆறில் நர்சம்மா இல்லை.

"எங்க மாமியாரும் இப்படித்தான்" என்றான் ஜுனைத். "ஆள் இருந்தா ஒரு பேச்சு, ஆள் இல்லாட்டி ஒரு பேச்சு."

"இல்ல மேடம்." சப்ரினின் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் ஏறியது. "இதை நானும் யோசிச்சேன். ரெண்டாவது வாரம் ஸ்கிரிப்டுலயே எழுதினேன். மொதல்ல என்னோட ஃபைலைப் படி, அப்புறம் அனுப்புன்னு. அந்த ஃபைல்ல நம்பர் இருக்கு. படிச்சா தெரிஞ்சிருக்கணுமே?"

"பாத்தேன். சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நம்பர் எத்தனாவது வரி?"

"கடைசி வரி. நூத்திப் பத்தொம்போது."

ராதிகா அந்த ஃபைலைத் திறந்து மேலே கொண்டுபோனாள். மெஷின் வாங்கும்போதே கூட வந்த வரிகள். யாரும் எழுதாதவை, அதனால் யாரும் படிக்காதவை. திரையில் விரலை வைத்தாள்.

"இது இன்னா சொல்லுதுன்னா, எதிர்ல ஆள் உக்காந்து தட்டிக்கினு இருக்காங்களான்னு பாரு. ஆள் இல்லன்னா மேல படிக்காத, இங்கயே திரும்பிப் போ. ஒம்போதாவது வரிக்குள்ள இது முடிஞ்சிடுது. நீங்க டெஸ்ட் பண்ணப்ப நீங்க இருந்தீங்க. இளஞ்செழியன் டெஸ்ட் பண்ணப்ப அவர் இருந்தாரு. வெள்ளிக்கிழமை ஒண்ணரைக்கு இங்க யாரும் இல்ல."

சப்ரின் ஒன்பதாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் அவள் கடைசி வரியைத் திருத்தித் திருத்தி எழுதியிருந்தாள். திருத்தத் திருத்த அவள் பெயரில் தேதிகள் கூடின.

சாதுல்லா பாய் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப மெசேஜ் போகவே இல்லன்றீங்களா?"

"போயிருக்கு பாய். நம்பரே இல்லாம அனுப்பினா எரர்னு எழுதியிருக்கும். 'அனுப்பப்பட்டது'ன்னுதான் இருக்கு. அப்ப வேற ஏதோ ஒரு நம்பருக்குப் போயிருக்கு. நம்பர் கெடைக்கலன்னா இதுக்கு அனுப்புன்னு எங்கயோ ஒண்ணு எழுதி வச்சிருக்காங்க."

"சுபைரு நம்பரா?"

"பாக்கணும். ப்ரோகிராம் இருக்கற ஃபோல்டர் பூட்டியிருக்கு. சப்ரின் கணக்குல தெறக்காது."

"அந்தப் பாஸ்வேர்டு எங்கிட்ட மட்டும்தான் இருக்கு. யாருக்கும் குடுக்கல" என்றார் சாதுல்லா பாய். எழுந்து வந்து, மற்றவர்களைத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். ஃபோல்டர் திறந்தது. உள்ளே ஒரே ஒரு சின்ன ஃபைலில் பத்து இலக்கம்.

"சப்ரின், இந்த நம்பர் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"பாய்?"

"யாருதோ. எனக்கு என் நம்பரே ஞாபகம் இருக்காது."

ஜுனைத் தன் போனை எடுத்து அடித்தான். "ரிங் போவுது. ஹலோ ட்யூன் கூட வைக்காத ஆளு. எடுக்க மாட்டேங்கறாரு…"

மேசை இழுப்பறைக்குள் ஏதோ அதிர்ந்தது. ரப்பர் ஸ்டாம்புகள் ஒன்றோடொன்று மோதும் சின்னச் சத்தம்.

ஜுனைத் கட் செய்தான். சத்தம் நின்றது. மறுபடி அடித்தான். மறுபடி சத்தம் வந்தது.

சாதுல்லா பாய் இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய போனை எடுத்தார்.

"இது என்னோட பழைய நம்பரு. ஓடிபி வர்றதுக்காக வச்சிருக்கேன். சத்தத்தை அணைச்சிட்டேன். மெஷின் வைக்கும்போது அந்தப் பையன் டெஸ்ட் பண்ண ஒரு நம்பர் குடுங்கன்னான்." போனைத் திருப்பிப் பார்த்தார். "டெஸ்ட் முடிஞ்சதும் அதை எடுத்துடுவான்னு நெனச்சேன்."

போனை ராதிகாவிடம் நீட்டினார். மெசேஜ் பட்டியலில் மூன்று வெள்ளிக்கிழமைகள். முதல் இரண்டும் தடித்த எழுத்தில், திறக்கப்படாமல். மூன்றாவது மெல்லிய எழுத்தில் இருந்தது.

ராதிகா அதைத் தொட்டாள். மலை முகாம். பூமாலை, வயது 23. ஹீமோகுளோபின் 4.8. உடனே கீழே இறக்கவும்.

"இதைத் தெறந்திருக்கீங்க பாய்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கழற்றினார்.

"கேஸ் சிலிண்டர் புக் பண்ண ஓடிபி பாக்கறதுக்காக எடுத்தேன். பள்ளிவாசல்லேர்ந்து வந்து. ரெண்டரை இருக்கும். அப்ப இது இருந்துச்சு. படிச்சேன்." அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. யாரோ சொன்னதைத் திரும்பச் சொல்வது போலிருந்தது. "அவன் டெஸ்ட் பண்ணப்ப எல்லாம் இப்படித்தாம்மா வரும். ஏதாவது ஒரு பேரு, ஒரு வயசு. ஒரு தடவை ரத்தம் ரெண்டுன்னு கூடப் போட்டிருந்தான். சிரிச்சேன். இதையும் அப்படித்தான்னு நெனச்சு மூடி வச்சிட்டேன்."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மணி ஐந்து பத்து.

"இதை அழிச்சிட முடியுமா?" என்றார்.

"முடியும். ஆனா நான் பாத்ததை எழுதித்தான் குடுப்பேன் பாய்" என்றாள் ராதிகா. கோபமாகச் சொல்ல நினைத்தாள். கோபம் வரவில்லை. வெறும் தகவலாகத்தான் வந்தது. அதுவே போதுமாக இருந்தது.

அவர் தலையசைத்தார். அழிக்கவும் இல்லை, போனை உள்ளே வைக்கவும் இல்லை.

சப்ரின் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

"பாய், நாளைக்கு வெள்ளிக்கிழமை. இன்னிக்கி முகாம்ல பதினாலு பேருக்கு ரத்தம் எடுத்திருக்காங்க. அந்த நம்பரை எடுத்துட்டு நர்சம்மா நம்பரை அங்கயே எழுதணும். பாஸ்வேர்டு சொல்லுங்க."

சாதுல்லா பாய் அவளைப் பார்த்தார். இந்த முறை யாரையும் திரும்பச் சொல்லவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொன்னார். அவள் அடித்தாள். எழுதினாள். ஐந்து நிமிடம் தள்ளி ஒரு டைமர் வைத்து, சோதனைக்காக அனுப்ப வேண்டிய நம்பரை முதலில் தன் போன் நம்பராக மாற்றி, ஜன்னலை மூடினாள். நாற்காலியிலிருந்து எழுந்து, கணினியைத் தொடாமல் சுவரோரமாகப் போய் நின்றாள். மற்ற மூவரும் ஏனென்று கேட்காமல் அவளோடு போய் நின்றார்கள். மெஷினுக்கு எதிரில் யாரும் இல்லை.

ஐந்து இருபத்தாறுக்கு அவள் போன் ஒலித்தது. படித்துப் பார்த்துவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்து, தன் நம்பரை எடுத்துவிட்டுத் தைலம்மாளின் நம்பரை எழுதினாள். ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு முறை சரிபார்த்தாள்.

சாதுல்லா பாய் மேசை மேலிருந்த புகார்க் காகிதத்தை எடுத்தார். அதில் சப்ரினின் பெயர் இருந்த இடத்தை அடித்தார். திருப்பிப் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு ராதிகாவிடம் கொடுத்தார். மெசேஜ் என் நம்பருக்கு வந்தது. திறந்து படித்தவன் நான்.

"உங்க பேப்பரோட இதையும் வைங்க. ஸ்டேஷனுக்கு நானே வர்றேன். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"வண்டி இருக்கு பாய்" என்றான் ஜுனைத். அவன் குரலில் கேலி இல்லை.

"அந்தப் பூமாலைப் பொண்ணு வூட்டுக்காரரு அங்க இருப்பாரா?"

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து வராண்டாவுலதான் உக்காந்துகினு இருக்காரு."

"பேரு இன்னா?"

"சடையன்" என்றாள் ராதிகா.

"சடையன்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார் சாதுல்லா பாய். வாசலில் செருப்பைத் தேடும்போது இன்னொரு முறை சொல்லிக்கொண்டார்.